சத்தம் தாங்காத காதுக்கு ஆர்கெஸ்ட்ரா இசை: ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல் எவ்வளவு கைகொடுக்கிறது?

சிம்பொனி கேட்க ஆசை இருக்கிறது, ஆனால் திடீரென்று டிரம்பெட்டும் டிம்பனி என்ற பெரிய முரசும் சேர்ந்து அடித்தால் காது வலிக்கிறது, உடம்பே தூக்கிப்போடுகிறது என்று சொல்கிறவர்களுக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டிய செயலி ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல். அதன் ஒலித்தரத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு படைப்பை மூவ்மென்ட் மூவ்மென்டாக, அதாவது அதன் தனித்தனிப் பகுதிகளாக, பிரித்துக் காட்டுகிறது; அதே படைப்பின் பல பதிவுகளை, யார் நடத்தியது, எந்த ஆர்கெஸ்ட்ரா, எந்த ஆண்டு என்ற விவரத்தோடு வரிசையாக அடுக்குகிறது. காது கூசுகிறவருக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். குறை என்று பார்த்தால் ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை: ஒரு பதிவில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று எங்கேயும் சொல்வதில்லை. அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும். எப்படி என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

முதலில், யாருக்கு எது ஆகாது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஹைப்பராகுசிஸ் உள்ளவருக்கு மற்றவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் சத்தமே அதிகம். உச்ச சுருதியில் கூர்மையாக வரும் ஒலி இன்னும் மோசம். மிசோஃபோனியா உள்ளவருக்குச் சத்தத்தின் அளவு பிரச்சினையே இல்லை. மூச்சு விடும் ஒலி, உதட்டு ஒலி, ஒரே மாதிரி தட்டிக்கொண்டே இருக்கும் ஒலி போன்ற குறிப்பிட்ட ஒலிகள்தான் ஆகாது. வயதாகிக் கேட்கும் திறன் குறைந்தவர்களில் பலருக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் கொஞ்சம் உரத்ததும் தாங்க முடியாமல் போய்விடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு ஒலி எதிர்பாராமல் வருவதே அதிர்ச்சி. வரப்போகிறது என்று தெரிந்தால் அதே சத்தத்தை ஓரளவு தாங்கிக்கொள்வார்கள். ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பட்டியல் கிடையாது.

நம் ஊர்க் காதுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். சினிமாப் பாட்டின் பதிவில் தொடக்கம் முதல் முடிவு வரை சத்தம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும்படி அழுத்தி வைத்திருப்பார்கள். மைக் வைத்த கச்சேரியிலும் மட்டம் பெரிதாக மாறுவதில்லை. முதல் பத்து விநாடிக்கு வால்யூமைச் சரிசெய்துவிட்டால் போதும் என்ற பழக்கம் நமக்கு அதனால்தான் வந்தது. ஆர்கெஸ்ட்ரா பதிவில் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும். சைகோவ்ஸ்கி 1893-இல் எழுதிய ஆறாம் சிம்பொனியின் முதல் மூவ்மென்டில் ஓர் இடம் இருக்கிறது. கிளாரினெட் அடங்கிப்போய், பஸூன் என்ற தாழ்சுருதிக் குழலுக்கு ஆறு ‘பி’ (மெல்ல என்பதற்கான குறி) போட்டிருப்பார். அதாவது, இதைவிட மெல்ல வாசிக்க முடியாது என்கிற அளவுக்கு. பல நடத்துநர்கள் அந்த இடத்தில் பஸூனுக்குப் பதில் பாஸ் கிளாரினெட்டை வாசிக்கச் சொல்வார்கள், அது இன்னும் மெலிதாக வரும் என்பதற்காக. ஒன்றும் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றினால், அடுத்த நொடி முழு ஆர்கெஸ்ட்ராவும் இடியாக இறங்கும். பதிவில் கோளாறு எதுவும் இல்லை. அவர் எழுதியதே அப்படி.

செயலிக்கு வருவோம். 2021-இல் பிரைம்ஃபோனிக் என்ற செவ்வியல் இசைச் சேவையை ஆப்பிள் வாங்கி, அதன் அடிப்படையில் 2023 மார்ச்சில் இதைத் தனிச் செயலியாக வெளியிட்டது. இரண்டு மாதத்தில் ஆண்ட்ராய்டிலும் வந்தது. ஆப்பிள் மியூசிக் சந்தா இருந்தால் தனிக் கட்டணம் இல்லை. விளம்பரம் கிடையாது, காது கூசுகிறவருக்கு இதுவே பாதி நிம்மதி. யூடியூபில் கட்டணம் இல்லாமல் கேட்டால், மெல்லிய அடாஜியோ (மெதுவான பகுதி) முடிந்த கையோடு சோப்பு விளம்பரம் இரண்டு மடங்கு சத்தத்தில் வந்து விழும். பாட்டு எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக இருந்தாலும் பயனில்லை.

தேடுவதும் எளிது. ‘கே 622’ என்ற பட்டியல் எண்ணை அடித்தால் மோட்சார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோ (தனிக் கருவியும் ஆர்கெஸ்ட்ராவும் சேரும் படைப்பு) வந்துவிடும். அதன் பக்கத்தில் பதிவுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் மூன்று மூவ்மென்டும் தனித்தனியாக. வேண்டிய ஒன்றை மட்டும் பிளேலிஸ்டில் போட்டுக்கொள்ளலாம். இதே வேலையைப் பொதுவான இசைச் செயலிகளில் செய்யப் போனால் ‘மோட்சார்ட் ரிலாக்ஸிங்’ என்ற தொகுப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வோம்.

அந்த ‘ரிலாக்ஸிங்’ தொகுப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் அடிபடுவது அங்கேதான். இந்தச் செயலியின் மனநிலைப் பட்டியல்களும் இதற்கு விலக்கல்ல. அவை பொதுவான கேட்பவருக்காகத் தொகுக்கப்பட்டவை. படைப்பின் பெயரும் மெட்டின் இனிமையும்தான் அளவுகோல். பேத்தோவனின் ஆறாம் சிம்பொனி ‘பாஸ்டரல்’ இயற்கையைப் பற்றியது என்பதால் எல்லா அமைதிப் பட்டியல்களிலும் இருக்கும். இரண்டாம் மூவ்மென்டான ஓடைக்கரைக் காட்சி உண்மையிலேயே இதமானது. ஆனால் மூன்றாவது முடியும் முன்பே அறுந்து, இடைவெளி இல்லாமல் நான்காவதான புயலுக்குள் போய்விடும். அந்த சிம்பொனியில் டிம்பனி ஒலிப்பது அந்த ஒரு மூவ்மென்டில் மட்டும்தான், பிக்கலோ என்ற கூர்மையாக ஒலிக்கும் சிறு ஃப்ளூட்டும் அப்படியே. இரண்டாவதை மட்டும் பிளேலிஸ்டில் போடுங்கள். முழு ஆல்பத்தை ஓடவிடாதீர்கள்.

கிரீக்கின் ‘பீர் ஜின்ட்’ முதல் தொகுப்பும் இதே கதை. ‘மார்னிங் மூட்’ ஃப்ளூட்டும் ஓபோவும் மாறி மாறிப் பேசித் தொடங்கி, முதல் நிமிடத்துக்குள்ளேயே தந்திக் கருவிகள் முழு வீச்சில் வந்துவிடும். ஏற்றம் படிப்படியானது என்பதால் பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். ‘ஆஸாவின் மரணம்’ முழுக்க மியூட் போட்ட தந்திகள் மட்டும். ‘அனித்ராவின் நடனம்’ தந்திகளோடு ஒரு டிரையாங்கிள். உச்ச சுருதி ஆகாதவர்கள் அந்த டிரையாங்கிளுக்காகவே இதைத் தவிர்க்கலாம். நான்காவது ‘மலையரசன் மண்டபத்தில்’. பூனைபோல் தொடங்கி வேகமும் சத்தமும் ஏறிக்கொண்டே போய், சிம்பலோடு முடியும். அதிலும் கடைசி அடிகள் நிசப்தம் விட்டு, நிசப்தம் விட்டு விழும். முடிந்துவிட்டது என்று மூச்சு விட்ட நேரத்தில் இன்னொன்று. மூன்றாவதோடு நிறுத்தத் தெரியாத எந்தப் பிளேலிஸ்டும் ஆபத்துதான்.

பாக்கின் மூன்றாம் ஆர்கெஸ்ட்ரா சூட்டில் வரும் ‘ஏர்’ இன்னொரு பொறி. அது தந்திகளும் கன்டினுவோவும் (அடித்தளமாகத் தொடரும் பாஸ் வரி) மட்டுமே. சத்தம் தாங்காதவர்களுக்கு இதைவிட நம்பகமான ஐந்து நிமிடம் கிடைப்பது அரிது. ஆனால் அதற்கு முன்னால் உள்ள ஓவர்ச்சர் என்ற தொடக்கப் பகுதியிலும் பின்னால் வரும் கவோட் என்ற நடனப் பகுதியிலும் மூன்று டிரம்பெட்டும் டிம்பனியும் உண்டு. ஆல்பமாக ஓடவிட்டால் கவோட்டின் முதல் அடியே அறைந்துவிடும்.

மெல்ல முடியும் படைப்புகளிலும் கவனம் வேண்டும். ஹோல்ஸ்ட்டின் ‘பிளானட்ஸ்’ தொகுப்பில் கடைசியான ‘நெப்டியூன்’ தொடக்கம் முதல் முடிவு வரை பியானிசிமோ, அதாவது மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத பெண்கள் குழுவின் குரல் தேய்ந்து தேய்ந்து மறையும்போது, கேட்கவேண்டும் என்று கை தானாக வால்யூமுக்குப் போகும். அடுத்து வரும் பாட்டு எதுவாக இருந்தாலும் அது உரத்துத்தான் ஒலிக்கும். இதற்குப் பரிகாரம் ஆட்டோபிளேயை அணைப்பது: ஆப்பிள் மியூசிக்கில் அடுத்து வரும் பாடல் வரிசையைத் திறந்து, எட்டைப் படுக்கவைத்ததுபோல் உள்ள முடிவிலிக் குறியைத் தொட்டால் நின்றுவிடும். கொரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியில் இதே சிக்கல் தலைகீழாக வருகிறது. டபுள் பாஸ்கள் தரையோடு தரையாகத் தொடங்குவதால் போன் ஸ்பீக்கரில் ஒன்றுமே கேட்காது. அதன் இசை மெதுவானது, ஏற்றமும் படிப்படியானது. ஆனால் தொடக்கத்தை வைத்து வால்யூமை முடிவுசெய்தால் நடுவில் சோப்ரானோ குரல் வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

இதிலிருந்து வரும் ஒரே விதி இது: மிக உரத்த இடத்தை வைத்து வால்யூமை முடிவுசெய்யுங்கள், தொடக்கத்தை வைத்து அல்ல. அதாவது, முதலில் வால்யூமை மிகக் குறைத்துக்கொண்டு, மூவ்மென்டின் மிக உரத்த இடத்தைத் தேடிப் போங்கள். அங்கே தாங்கும் அளவுக்கு மெல்ல ஏற்றுங்கள். பிறகு தொடக்கத்துக்குத் திரும்பி, முடியும் வரை வால்யூமைத் தொடாதீர்கள். மெல்லிய இடங்கள் சில கேட்காமல் போகும், போகட்டும். குழந்தைகளுக்காகத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தத் தேடலைத் தாங்களே தனியாக முடித்துவிட்டு அப்புறம் கொடுக்க வேண்டும்.

உச்சம் எங்கே என்று கேட்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் இசைத்தாள்கள் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசம். நோட்ஸ் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஃபுல் ஸ்கோரின் முதல் பக்கத்தில் இடது ஓரத்தில் கருவிகளின் பெயர் மேலிருந்து கீழாக இருக்கும். ‘டிம்பானி’ அல்லது ஜெர்மனில் ‘பவ்கென்’, ‘பியாத்தி’ அல்லது ‘பெக்கென்’ என்ற சிம்பல், ‘கிரான் காசா’ என்ற பெரிய டிரம், ‘ஒத்தவீனோ’ என்ற பிக்கலோ, ‘டிரோம்பெட்டென்’ என்ற டிரம்பெட் ஆகிய சொற்கள் இருந்தால் எச்சரிக்கை. இல்லாவிட்டால் பெரிய அதிர்ச்சிகளில் முக்கால்வாசி போயிற்று. மோட்சார்ட் கிளாரினெட் கான்செர்ட்டோவின் முதல் பக்கத்தைப் பாருங்கள்: இரண்டு ஃப்ளூட், இரண்டு பஸூன், இரண்டு ஹார்ன், தந்திகள், சோலோ கிளாரினெட். ஓபோகூட இல்லை. அடுத்து, பக்கங்களைப் புரட்டி ‘எஃப்’ எழுத்து (உரக்க என்பதற்கான குறி) இரட்டையாகவும் மூன்றாகவும் எங்கே குவிந்திருக்கிறது, அதற்கு முன் ‘கிரெசென்டோ’ விரிகோடு இருக்கிறதா என்று பாருங்கள். விரிகோடு இருந்தால் சத்தம் படியேறி வருகிறது. ‘பிபி’க்குப் பக்கத்திலேயே ‘எஃப்எஃப்’ என்று நின்றால் அது குதித்து வருகிறது. ஹைடனின் 94-ஆம் சிம்பொனியின் இரண்டாம் மூவ்மென்டில் 16-ஆவது பார் (தாள அளவு) இதற்குப் பாடப்புத்தக உதாரணம். மெட்டை இன்னும் மெல்லத் திருப்பி வாசித்துவிட்டு, அதன் கடைசியில் டிம்பனியோடு ஓர் அடி.

இந்த முறையில் வடிகட்டினால் தைரியமாகத் தொடங்கக்கூடியவை சில உண்டு. அந்த கிளாரினெட் கான்செர்ட்டோவின் அடாஜியோதான் எங்கள் முதல் தேர்வு. கிளாரினெட் பாடிய முதல் எட்டு பாரை ஆர்கெஸ்ட்ரா சற்று உரத்துத் திருப்பிச் சொல்லும். அதைத் தாங்கினால் மற்றதெல்லாம் தாங்கும், ஆகவே முதல் ஒரு நிமிடத்திலேயே முடிவு தெரிந்துவிடும். டீலியஸ் 1912-இல் எழுதிய ‘ஆன் ஹியரிங் த ஃபர்ஸ்ட் குக்கூ இன் ஸ்பிரிங்’ சிறிய ஆர்கெஸ்ட்ராவுக்கானது. டிரம்பெட்டும் இல்லை, தாளக் கருவியும் இல்லை. ஃபோரேயின் ‘பவான்’ தந்திகளை விரலால் சுண்டும் மெதுவான பிட்ஸிகாட்டோவின் மேல் ஃப்ளூட். நடுப்பகுதி கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ராவெலின் ‘பவான்’ ஆர்கெஸ்ட்ரா வடிவத்தில் தாளக் கருவி கிடையாது. ஆனால் முடிவுக்குச் சற்று முன் தந்திகள் நன்றாகவே எழும்பும் என்பதால் உரத்த இடத்தை வைத்து வால்யூமை முடிவுசெய்யும் விதி இங்கே கட்டாயம். டெபுஸ்ஸியின் ‘ஃபான்’ முன்னிசையில் இரண்டு ஹார்ப், நான்கு ஹார்ன் என்று ஆர்கெஸ்ட்ரா பெரிதுதான். ஆனாலும் டிரம்பெட், டிராம்போன், டிம்பனி மூன்றும் இல்லை. கடைசியில் சிறு ஆன்டிக் சிம்பல்கள் மட்டும் மெல்லச் சிணுங்கும்.

தந்திக் கருவிகள் மட்டும் என்றால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். பார்பரின் ‘அடாஜியோ ஃபார் ஸ்டிரிங்ஸ்’ மெல்ல ஏறி ஏறி, எல்லா வயலின்களும் உச்ச ஸ்தாயியில் முழு பலத்தோடு நீட்டும் இடத்தில் போய் நிற்கும். பிறகு சட்டென்று மௌனம். ஹைப்பராகுசிஸ் உள்ளவர்களுக்கு டிரம்மைவிட இது வதைக்கும். மாறாக, மாலரின் ஐந்தாம் சிம்பொனியிலுள்ள ‘அடாஜியெட்டோ’ தந்திகளும் ஹார்ப்பும் மட்டும். உச்சம் உண்டு, ஆனால் கூர்மை குறைவு. அது முடிந்ததும் இடைவெளி இல்லாமல் ஹார்ன் ஒலியோடு அடுத்தது தொடங்கும் என்பதால் தனியாகப் பிரித்தே போட வேண்டும். ராவெலின் ‘பொலேரோ’வைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள்: ஏற்றம் முழுவதும் முன்கூட்டியே தெரிவதால் ஆட்டிசம் உள்ள சிலருக்குப் பிடித்தமானது; கால் மணி நேரமும் ஒரே தாளம் தட்டும் ஸ்னேர் டிரம் இருப்பதால் மிசோஃபோனியா உள்ளவர்களுக்கு அறவே ஆகாது. யாராக இருந்தாலும் கடைசி இரண்டு நிமிடத்துக்கு முன் நிறுத்திவிடலாம்.

படைப்பு சரியாக அமைந்தாலும் பதிவு கெடுக்கலாம். ‘லைவ்’ என்று போட்ட பதிவில் இருமல் இருக்கும், நாற்காலி நகரும். மெல்லிய முடிவுக்குப் பிறகு கைதட்டல் குபீரென்று வெடிக்கும். அதனால் ஸ்டுடியோ பதிவையே தேடுங்கள். லைவ்தான் வேண்டும் என்றால் கைதட்டல் தனி டிராக்காக இருக்கிறதா என்று பாருங்கள். சோலோ கருவிக்கு மிக அருகில் மைக் வைத்த பதிவுகளில் வாசிப்பவர் மூச்சிழுப்பதும் கிளாரினெட்டின் சாவிகள் தட்டுவதும் தெளிவாகக் கேட்கும். மிசோஃபோனியா உள்ளவர்கள் கொஞ்சம் எதிரொலி கூடிய, தள்ளி நின்று எடுத்த பதிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1950-களின் மோனோ பதிவுகளில் ஏற்ற இறக்கம் குறைவு, அது நல்லது. டேப்பின் இரைச்சல் இருக்கும், அது சிலருக்கு ஆகாது. ஒரே படைப்புக்கு இத்தனை பதிவுகளை அருகருகே வைத்து முப்பது முப்பது விநாடி கேட்டுப்பார்க்க முடிவதுதான் இந்தச் செயலிக்கு நாங்கள் தரும் பெரிய மதிப்பெண்.

அமைப்புகளில் செய்ய வேண்டியவை. ஐபோனில் செட்டிங்ஸுக்குப் போய் சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ், ஹெட்போன் சேஃப்டி, அதில் ரெடியூஸ் லவுட் ஆடியோ. சில பதிப்புகளில் லவுட் சவுண்ட்ஸ் என்று இருக்கும். அதை இயக்கி 75 டெசிபெலில் வையுங்கள். அதுதான் அங்கே கிடைக்கும் மிகக் குறைந்த அளவு. இது காது கெடாமல் காக்கும் வரம்பு மட்டுமே. வலி எங்கே தொடங்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறு, ஆகவே இதை மட்டும் நம்பக்கூடாது. ஆப்பிள், பீட்ஸ் ஹெட்போன்களில் அளவு ஓரளவு துல்லியமாக இருக்கும். மற்றவற்றில் வால்யூமை வைத்துப் போடும் கணக்குதான். ஒலி சுற்றிலுமிருந்து வருவதுபோல் காட்டும் டால்பி அட்மாஸை அணைத்துவிடுங்கள். பின்னாலிருந்து ஒலி வருவதுபோன்ற உணர்வு பலரை அதிரவைக்கிறது. பிளேலிஸ்டைக் கிளாசிக்கல் செயலியில் கட்டிவிட்டு, சாதாரண மியூசிக் செயலியில் திறந்து கேட்கலாம், இரண்டும் ஒரே சந்தாதான். அங்கே ஈக்வலைசரில் ‘டிரெபிள் ரெட்யூசர்’ இருக்கிறது, உச்ச வயலின் உறுத்துகிறவர்களுக்கு அது உதவும்.

ஸ்பாட்டிஃபை வைத்திருப்பவர்கள் வால்யூம் நார்மலைசேஷனை ‘குவயட்’டில் வையுங்கள். ‘லவுட்’ வேண்டவே வேண்டாம். ஆனால் அது பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத்தான் சமன்செய்கிறது; ஒரே பாட்டுக்குள் இருக்கும் பள்ளமும் மேடும் அப்படியே இருக்கும். இதைக் குறைக்க வேண்டுமானால் உரத்த இடங்களைத் தானாக அழுத்தும் கம்ப்ரெஸர் தேவை. அதற்குச் சொந்தமாக வாங்கிய கோப்பும் கணினியில் வி.எல்.சி.யும் போதும்: டூல்ஸ், எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ், கம்ப்ரெஸர். திரெஷோல்ட் மைனஸ் 30 டெசிபெல், ரேஷியோ 3 அல்லது 4, அட்டாக் (அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரம்) 5 மில்லி விநாடிக்குள், ரிலீஸ் (அழுத்தத்தை விட எடுக்கும் நேரம்) 600-க்கு மேல், மேக்கப் கெயின் சுழியத்தில் தொடங்கி 3 அல்லது 4 வரை. அட்டாக் நீண்டால் டிம்பனி அடியின் முதல் கூர் வெட்டுப்படாமல் தப்பி வந்துவிடும்; பயப்பட வேண்டியதே அந்தக் கூருக்குத்தான். ரிலீஸ் குறைந்தால் ஒவ்வோர் அடிக்குப் பிறகும் பின்னணி இரைச்சல் பொங்கிப் பொங்கி அடங்கும்.

ஹெட்போனில் நாய்ஸ் கேன்சலிங் இருந்தால் நல்லது. தெருச்சத்தத்தை மீறிக் கேட்க வால்யூமை ஏற்ற வேண்டியிருக்காது. வால்யூம் ஏறாவிட்டால் உச்சமும் ஏறாது. சிலருக்கு அது காதில் அழுத்தம்போல் இருக்கும். அவர்கள் அறையில் இரண்டு மீட்டர் தள்ளி வைத்த சாதாரண ஸ்பீக்கரில் கேட்பதே மேல். நாள் முழுவதும் இயர்பிளக் போட்டுக்கொண்டே இருப்பது ஹைப்பராகுசிஸைக் கூட்டிவிடும் என்று காது நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். இசையை எந்த அளவில் தொடங்கி எப்படி ஏற்றுவது என்பதைச் செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் கேட்டுச் செய்யுங்கள்; போகும்போது எந்த மூவ்மென்ட், எந்தப் பதிவு, எத்தனையாவது நிமிடத்தில் உறுத்தியது என்று குறித்துக்கொண்டு போனால் அவர்களுக்கும் வேலை எளிது.

இந்தச் செயலி பொருந்தாதவர்களும் உண்டு. எதையும் தேர்ந்தெடுக்க விருப்பமில்லை, போட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இதில் பயன் குறைவு. ஒலியை அழுத்தி அனுப்பும் செவ்வியல் வானொலி அவர்களுக்கு இன்னும் இதமாக இருக்கும். ஆண்ட்ராய்டில் செயலி கிடைத்தாலும், ஐபோனில் உள்ள அந்த டெசிபெல் வரம்பு கிடைக்காது. சாம்சங் போன்றவற்றில் உள்ள மீடியா வால்யூம் லிமிட் வால்யூம் பட்டையைத்தான் கட்டுப்படுத்தும், பாட்டுக்குள் வரும் திடீர் அடியை அல்ல. ஆண்ட்ராய்டுக்காரர்கள் சந்தா கட்டுமுன் சோதனைக் காலத்தில் கே 622 அடாஜியோ, பாக்கின் ‘ஏர்’, டீலியஸ் மூன்றையும் உரத்த இடத்தை வைத்து வால்யூமை முடிவுசெய்து கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.